அடும்புக்கு நம் ஊரில் பத்தாத்ரான் என்று பெயர்

மொரீஷியஸ் நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் என் பேத்தி தமிழ் வகுப்பு முடிந்து வந்து, "தாத்தா, அடும்பு எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். நெய்தல் திணைப் பாட்டு ஒன்றைப் படித்திருக்கிறார்கள். கடற்கரையில் படரும் கொடி, பெண்கள் அதன் பூவை நெய்தல் பூவோடு சேர்த்துக் கட்டிக் கூந்தலில் சூடிக்கொண்டார்கள் என்று ஆசிரியர் விளக்கியிருக்கிறார். கூடவே, "அதெல்லாம் இந்தியாவில் இருக்கும்" என்றும் சொல்லிவிட்டாராம்.

மறுநாள் காலை அவளைப் பெல் மார் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். "ஐயோ தாத்தா, இது பத்தாத்ரான்!" என்று சிரித்தாள். ஆமாம், பத்தாத்ரான்தான். பக்கத்துத் தீவான ரெயூனியனில் இதைப் 'பத்தாத் ஆ துரான்' என்கிறார்கள். பத்தாத் என்றால் சர்க்கரைவள்ளி. இரண்டும் ஒரே குடும்பம் என்பது இலையையும் பூவையும் பார்த்தாலே தெரியும். இலை நுனியில் பிளந்து மான் குளம்பு போல இருக்கும் என்று பழம்பாட்டு சொல்கிறது. லத்தீனில் பெயர் வைத்தவர்களுக்கு அதே இலை ஆட்டுக்கால் மாதிரித் தெரிந்திருக்கிறது. எனக்கு மான்தான் பிடித்திருக்கிறது.

சரி, இந்தக் கொடியைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி? நான் அதைப் பிடுங்கியவன். பல வருடம் கிழக்குக் கரையில் ஓர் ஓட்டலில் தோட்டக்காரனாக இருந்தேன். வெள்ளை மணல் பளிச்சென்று தெரிய வேண்டும், கொடி கிடந்தால் கரை குப்பையாகத் தெரிகிறது என்பார்கள். வாரா வாரம் பிடுங்குவோம். தனிக்கொடி என்றால் ஓர் இழுப்பில் வந்துவிடும். படர்ந்து பின்னிக்கொண்டால் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தாலும் வராது. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று யாழ்ப்பாணப் பக்கம் ஒரு பழமொழி உண்டு. அதைச் சொன்னவரும் என்றைக்கோ இதைப் பிடுங்கிப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

கொடி தரையோடு ஓடும்போது கணுவுக்குக் கணு வேர் விடும். காற்றில் பறந்து வரும் மணல் இலைகளில் தட்டி வேகம் குறைந்து அங்கேயே விழும். கொடி மூடிப்போனாலும் சாகாது. மேலே எழும்பி, மணலுக்குள் போன கணுக்களிலும் வேர் பிடித்துக்கொள்ளும். மறுபடி மணல், மறுபடி வேர். மணல்மேடு இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது. உப்புக்காற்றும் சுடுமணலும் இதற்குப் பொருட்டே இல்லை. நாங்கள் அதைப் பிடுங்கிவிட்டுப் போட்ட புல்வெளிக்குத் தினமும் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது!

2002 ஜனவரியில் டினா புயல் வந்து போன மறுநாள் வேலைக்குப் போனால், புல்வெளியின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் என் இடுப்பு உயரத்துக்கு அறுந்து நின்றது. கொஞ்சம் தள்ளி, யாரும் கை வைக்காத இடத்திலும் மணல் போயிருந்தது. அதை மறைக்கக் கூடாது. பெரிய அலையைக் கொடி தடுக்காது, அது பவளப்பாறையின் வேலை. ஆனால் அங்கே அறுந்து தொங்கிய கொடிகள் சில வாரங்களில் துளிர்த்துக் கீழே இறங்கின, மணலும் மெல்லத் திரும்பி வந்து சேர்ந்தது. எங்கள் பக்கத்துக்கு லாரியில் மணல் கொண்டுவந்து கொட்டினார்கள்.

ஃபிலாவோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் சவுக்கு. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிச் சட்டியும் ரவான் மேளமுமாக அதன் நிழலில்தான் உட்காருகிறோம், நானும்தான். ஆனால் அது வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம். உதிர்ந்த ஊசிகள் மெத்தையாகப் படிந்து, நிழலும் சேர்ந்து, கீழே எதையும் வளரவிடாது. கரை அரிக்கும்போது வேர் வெளியே தெரிந்து மரமே சாய்ந்துவிடும். பத்தாத்ரானை யாரும் கொண்டுவரவில்லை. அதன் காய்க்குள் நான்கு விதைகள், வெல்வெட் மாதிரி ரோமத்தோடு. கடல்நீரில் மாதக்கணக்கில் மிதந்தாலும் முளைக்கும் சக்தி போகாது. அதனால்தான் ராமேஸ்வரத்திலும் இருக்கிறது, பிரேசிலிலும் இருக்கிறது. ஆஸ்திரேலியப் பழங்குடிகள் இதன் இலையைச் சூடாக்கித் திருக்கைமீன் குத்திய இடத்தில் வைப்பார்களாம். நம் கடலில் லாஃப் என்கிற விஷமுள்ள கல்மீனை மிதித்துவிட்டால் இலையைத் தேடிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கடலோரம் வீடு உள்ளவர்கள் நட்டும் பார்க்கலாம். மழைக்காலத்தில் மூன்று நான்கு கணு உள்ள துண்டை, அலை வந்து தொடும் கோட்டுக்கு மேலே, இரண்டு கணு மணலுக்குள் போகும்படி படுக்கவைத்துப் புதைத்தால் போதும். வேர் பிடிக்கும் வரை கொஞ்சம் தண்ணீர். அப்புறம் அதன் பாடு.

பூவைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். ஊதாவும் இளஞ்சிவப்புமாக, குதிரைக் கழுத்து மணி போல இருக்கும். மத்தியானத்துக்கு மேல் சுருங்கிவிடும். என் பேத்தி இரண்டு பூவைப் பறித்துத் தமிழ் நோட்டுக்குள் வைத்து ஆசிரியரிடம் கொண்டுபோனாள். போய்ச் சேர்வதற்குள் வாடிவிட்டதாம். அதனால் அடுத்த வாரம் அந்த வகுப்பே பெல் மாருக்கு வருகிறது. என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

வணக்கம்.