புரையேறாத நோயாளி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நான் 34 ஆண்டு நர்ஸாக வேலை பார்த்தவள். அதில் 22 ஆண்டு நியூரோ வார்டிலும் நியூரோ ஐ.சி.யு.விலும் போயிற்று. தலையில் அடிபட்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், மூளையில் கட்டி எடுத்தவர்கள், வலிப்பு அடங்காதவர்கள், இவர்கள்தான் என் நோயாளிகள். நர்ஸுகளின் தொடர்கல்வியை, அதாவது வேலைக்கு வந்த பிறகும் நாங்கள் தொடர்ந்து கற்பதைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டபோது, அது எங்களுக்குள் பேசிக்கொள்கிற விஷயமாயிற்றே, வீட்டில் வேலை பார்த்துக்கொண்டே ரேடியோ கேட்கிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒரு காப்பி டம்ளர் ஞாபகம் வந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் நியூரோ வார்டுக்கு வந்த முதல் வருஷம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு டெய்லர் வந்து சேர்ந்திருந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் லேசாகக் கோணியிருந்தது. ஆனால் நன்றாக முழித்திருந்தார், குழறினாலும் பேசினார். காலை ஆறு மணிக்கு அவர் மனைவி பிளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் ஊற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஒரு வாய் காப்பி குடுக்கலாமா சிஸ்டர்? நேத்து மத்தியானத்துல இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல." நைட் டியூட்டி முடிகிற நேரம், கையில் ஊசி டிரே. "மெதுவா குடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

அவர் குடித்தார். இருமவில்லை. புரை ஏறவில்லை. அந்தம்மா முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டதைத் திரும்பும்போது பார்த்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது, நிமோனியா என்றார்கள். பக்கவாதத்தில் பிழைத்த மனிதர் நிமோனியாவில் போய்விட்டார். அந்தக் காப்பிதான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. நான் இன்றுவரை அதை மறக்கவில்லை.

நம் வீடுகளில் சாப்பிடும்போது புரை ஏறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்போம். புரையேறுவது உடம்பு நமக்குப் போட்டுவைத்த காவல். உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் தொண்டையில் ஒட்டியே இருக்கின்றன. ஒரு சொட்டு வழிதவறி மூச்சுக்குழாய்ப் பக்கம் போனால் உடம்பு உடனே இருமி வெளியே தள்ளுகிறது. பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்கு அந்த உணர்ச்சி மரத்துப்போகிறது. தண்ணீரும் காப்பியும் நுரையீரலுக்குள் இறங்கும், ஒரு இருமல்கூட வராது. இருமுகிறவரைவிட இருமாதவரிடம்தான் நாங்கள் அதிகம் பயப்பட வேண்டும். இதை எனக்கு நர்ஸிங் ஸ்கூலில் யாரும் சொல்லித் தந்ததில்லை. வேலைக்கு வந்த பிறகும் பல வருஷம் யாரும் சொல்லவில்லை.

இப்போது என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். நோயாளியை நன்றாக நிமிர்த்தி உட்கார வைக்கிறோம். ஒரு டீஸ்பூன் தண்ணீர் கொடுத்து, குரல்வளையின் மேல் விரலை வைத்து, விழுங்கும்போது அது மேலே ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறோம். பிறகு "ஆ சொல்லுங்க" என்று கேட்கிறோம். குரல் முன்பு இருந்தபடி வந்தால் நல்லது. தொண்டைக்குள் தண்ணீர் நிற்கிற மாதிரி களகளவென்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடுவோம். மூச்சு வாங்குகிறதா, கண் கலங்குகிறதா என்றும் கவனிக்க வேண்டும். சரியாக இருந்தால் இன்னும் இரண்டு ஸ்பூன், அப்புறம் டம்ளரில் கொஞ்சம். பத்து நிமிஷ வேலை. அதில் தேறாதவருக்கு வாய்வழி எதுவும் கிடையாது, டாக்டர் பார்க்கும்வரை மாத்திரைகூடக் கிடையாது. சொல்லும்போது எளிது. அந்தக் களகளப்பை ஒருமுறை காதால் கேட்டு, "இதுதான் அது" என்று மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று சொன்னால் தவிர, படித்து மட்டும் பிடிபடாது.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். சாண்டி மிடில்டன் என்ற நர்ஸிங் பேராசிரியர் தலைமையில் நடந்த ஆய்வு, 2011-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. 19 பக்கவாத வார்டுகள். பத்து வார்டுகளின் நர்ஸுகளுக்கு மூன்றே விஷயங்களில் பயிற்சி: காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல். முதல் 72 மணி நேரம் காய்ச்சலையும் சர்க்கரையையும் விடாமல் பார்த்து உடனுக்குடன் சரிசெய்வது, விழுங்கிப் பார்க்காமல் வாயில் எதுவும் கொடுக்காமல் இருப்பது. மற்ற ஒன்பது வார்டுகளுக்கு ஏற்கெனவே இருந்த வழிகாட்டு நெறிகளின் சுருக்கத்தை மட்டும் கொடுத்தார்கள். 90 நாள் கழித்துப் பார்த்தபோது, இறந்துபோனவர்களும் பிறர் துணையில்லாமல் வாழ முடியாதவர்களும் சேர்த்து, சுருக்கம் மட்டும் கிடைத்த வார்டுகளில் நூற்றுக்கு 58 பேர். பயிற்சி நடந்த வார்டுகளில் 42 பேர். புது மருந்து எதுவும் கொடுக்கவில்லை, புது மெஷின் எதுவும் வாங்கவில்லை.

இதை நான் ஒரு வகுப்பில் கேட்டபோது எனக்கு அந்த டெய்லரின் மனைவி முகம்தான் வந்தது. இன்னொன்றும் உறைத்தது. அந்த ஒன்பது வார்டுகளுக்கும் காகிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது! நாமும் இங்கே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். சர்க்குலர் வரும், அடியில் கையெழுத்துப் போடுவோம், ஃபைலில் போகும். நர்ஸ் என்ற பதிவைப் புதுப்பிக்க இத்தனை மணி நேரம் தொடர்கல்வி வேண்டும் என்பது நல்ல விதி, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நைட் டியூட்டி முடித்துவிட்டு, பஸ் பிடித்து, ஒரு ஹாலில் போய் உட்கார்ந்து கண் சொருகச் சொருகக் கேட்டுச் சான்றிதழ் வாங்கி வருகிற பெண்ணுக்கு அந்தக் களகளப்புக் குரல் எப்படிப் பிடிபடும்?

அடுத்தது கோமா அளவுகோல், நோயாளிக்கு நினைவு எவ்வளவு இருக்கிறது என்று எண்ணில் சொல்வது. கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னெட் என்ற இரண்டு மருத்துவர்கள் 1974-ல் கொடுத்தது. அதிகபட்சமாகக் கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6. முழு நினைவுள்ளவருக்கு 15. எதற்கும் அசையாதவருக்கு 3. உலகம் முழுக்க நியூரோ வார்டில் இந்த எண்தான் பேசும். நான் படித்தபோது, கூப்பிட்டுக் கண் திறக்காதவருக்கு நெஞ்செலும்பில் விரல் முட்டியால் தேய்த்துப் பார்க்கச் சொல்லித் தந்தார்கள். எத்தனை பேர் நெஞ்சில் நான் கன்றிப்போக வைத்திருக்கிறேன். 2014-ல், நாற்பது ஆண்டு கழித்து, டீஸ்டேலே முன்னின்று அதைத் திருத்தினார். 'வலி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'அழுத்தம்' என்று வைத்தார்கள். விரல் நுனி, தோள்பட்டைத் தசை, புருவ எலும்பின் பள்ளம் என்று இடம் குறித்தார்கள். அதில் நெஞ்செலும்பு இல்லை. மூச்சுக்கு டியூப் போட்டிருக்கிறவர் பேசவில்லை என்று 1 போடக் கூடாது, சோதிக்க முடியவில்லை என்று எழுத வேண்டும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் முட்டியால் தேய்க்கிற கையை நான் வார்டுகளில் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்களைச் சொல்லிக் குற்றமில்லை. யாரும் அவர்கள் கையைப் பிடித்து மாற்றவில்லை.

வலிப்பும் அப்படித்தான். முப்பது நிமிஷம் நிற்காமல் வந்தால்தான் ஆபத்தான தொடர்வலிப்பு என்று நாங்கள் படித்தோம். இப்போது ஐந்து நிமிஷம் தாண்டினாலே சிகிச்சை தொடங்கியாக வேண்டும். வலிப்பு வந்ததும் நர்ஸ் முதலில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். சாவிக்கொத்தைத் தேடி ஓடுகிற சொந்தக்காரர்களை நிறுத்திவிட்டு, நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்.

புத்தகத்தில் இல்லாத, நம் மண்ணிலேயே கற்க வேண்டிய பாடமும் உண்டு. உசிலம்பட்டிப் பக்கத்து அப்பத்தா ஒருவர். பேரன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது வேகத்தடையில் தூக்கிப்போட்டு விழுந்துவிட்டார். மண்டையில் அடி, ஆனால் நினைவு தெளிவு. மறுநாள் ராத்திரி ஒரு சின்னப் பெண் டியூட்டி. நல்ல பெண், கவனமான பெண். நினைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, "உங்க வீட்டுக்காரர் பேரு என்ன பாட்டி?" என்று கேட்டிருக்கிறாள். பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி கேட்டாள், பதில் இல்லை. பேச்சு 1 என்று சார்ட்டில் எழுதி டாக்டருக்குப் போன் செய்துவிட்டாள். மறுபடி ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சர் வந்து நிற்கிறது. நான் போய், "அப்பத்தா, மூத்த மகன் பேரென்ன?" என்றேன். பளிச்சென்று சொன்னார். "இது என்ன மாசம்?" "ஐப்பசி பொறந்து நாலு நாளாச்சு." "அப்ப வீட்டுக்காரர் பேர ஏன் சொல்லல?" என்னை ஒரு பார்வை பார்த்தார். "அவுக பேர வாயால சொல்லுவாகளா?"

அந்தப் பெண்ணுக்கு வேறு மாநிலம். அவளுக்கு இது தெரிய வழியே இல்லை. அடுத்த வாரம் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து, எங்கள் வார்டுக்கென்று கேள்விகளை எழுதி ஒட்டினோம். தேதி கேட்க வேண்டாம், மாதம் கேட்கலாம், தமிழ் மாதம் சொன்னாலும் சரி. எந்த ஊர் ஆஸ்பத்திரி, எப்படி வந்தீர்கள், பிள்ளைகள் பெயர் என்ன. கணவர் பெயர் வேண்டாம். இன்னொரு வரியும் சேர்த்தோம்: சொல்லத் தெரிந்தும் வார்த்தை வராமல் தவிக்கிறவரைக் குழம்பியிருக்கிறார் என்று எழுதாதே. அவர் கண்ணைப் பார், தவிப்பு தெரியும். அந்தத் தாளைத் தயாரித்த ஒரு மணி நேரத்தை நான் தொடர்கல்வி என்று சொல்வேன்.

எங்கள் வார்டில் மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஷிஃப்ட் மாறும். காலை டியூட்டிக்காரர்களும் மாலை டியூட்டிக்காரர்களும் ஒன்றாக இருக்கிற நேரம் அது. மேஜையில் உட்கார்ந்து நோட்டைப் படித்து ஒப்படைப்பதை நிறுத்தினோம். இரண்டு பேரும் கட்டிலுக்குப் போய், ஒரே டார்ச்சில் ஒரே கண்மணியைப் பார்த்து, ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். எண் ஒத்துவராவிட்டால் அங்கேயே மறுபடி பார்க்க வேண்டும். நான் 13 என்று பார்ப்பதை நீ 14 என்று பார்த்தால், ராத்திரி அது 12 ஆகும்போது எவ்வளவு இறங்கியது என்று யாருக்குத் தெரியும்? ஒரே ஒரு எண் குறைந்து அரை மணி நேரம் அப்படியே நின்றாலும் டாக்டரைக் கூப்பிடு, திட்டினாலும் பரவாயில்லை கூப்பிடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். முதல் மாதம் முணுமுணுத்தார்கள். பிறகு அவர்களே ஒருவரை ஒருவர் திருத்த ஆரம்பித்தார்கள்.

வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-லும், சென்னையில் டாக்டர் ராமமூர்த்தி 1950-லும் மூளை அறுவைத் துறையைத் தொடங்கினார்கள். நியூரோ நோயாளி என்றால் பெரிய ஊர், பெரிய ஆஸ்பத்திரி என்றே அப்போதிருந்து நமக்குப் பழகிவிட்டது. இன்று நிலைமை வேறு. 2021 டிசம்பரில் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்த பிறகு, சாலையில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் செலவை ஒரு வரம்பு வரை அரசு ஏற்கிறது. 108 வண்டி அவரைப் பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறது. அங்கே டியூட்டியில் இருக்கிற நர்ஸ் பிரசவமும் பார்ப்பார், பாம்புக்கடியும் பார்ப்பார். தலையில் அடிபட்டவரின் முதல் எண்ணை எழுதுவது அவர்தான். பெரிய ஆஸ்பத்திரியில் நாங்கள் அந்த எண்ணை வைத்துத்தான் நோயாளி தேறுகிறாரா, இறங்குகிறாரா என்று சொல்ல முடியும். அதனால் முதல் பயிற்சி அந்தத் தாலுகா ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போக வேண்டும், அவர் டியூட்டி நேரத்துக்குள், அவர் வார்டிலேயே. ஒரு அனுபவமுள்ள நியூரோ சிஸ்டரை மாதத்தில் இரண்டு நாள் அங்கே அனுப்பினால் போதும். அந்த நாளில் வார்டு பார்க்க மாற்றாள் போட வேண்டும். ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களிடமும் அதிகாரிகளிடமும் நான் கேட்பது இதைத்தான். ஆள் போடாமல் படி என்று சொன்னால் அந்தப் பெண் தன் தூக்கத்திலிருந்துதான் நேரம் எடுப்பாள்.

வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிற உங்களிடம் இரண்டு வேண்டுகோள். ராத்திரி இரண்டு மணிக்கு நர்ஸ் வந்து டார்ச் அடித்துப் பெயர் கேட்டால், "இப்பத்தான் கண்ணசந்தாரு, ஏம்மா எழுப்புற?" என்று கோபப்படாதீர்கள். தூக்கமும் நினைவு தப்புவதும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். எழுப்பினால்தான் எது என்று தெரியும். "எப்பவும் போர்வையை உதறிட்டுப் படுப்பாரு சிஸ்டர், இன்னைக்கு அசையவே இல்லை" என்று உங்களுக்குப் பட்டால், சின்ன விஷயம் என்று விட்டுவிடாமல் சொல்லுங்கள். அப்படி ஒரு மகள் சொன்னதால் நான் ஓடிப்போய்ப் பார்த்த நாள் உண்டு.

இன்னொன்று, பக்கவாதம் வந்தவருக்கு எதையும் ஊட்டுவதற்கு முன்னால், பிளாஸ்க்கைத் திறப்பதற்கு முன்னால், "விழுங்கிப் பாத்தாச்சா சிஸ்டர்?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் கொடுங்கள். அந்தச் சிஸ்டர் புரியாமல் விழித்தால் இன்சார்ஜ் சிஸ்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள், அவர் வந்து பார்க்கும்வரை டம்ளரைக் கீழே வைத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.