தொட்டியில் உண்மையில் எத்தனை லிட்டர்?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் வீட்டு மீன் தொட்டி எத்தனை லிட்டர் என்று கேட்டால், கடைக்காரர் சொன்ன எண்ணைத்தான் நம்மில் பெரும்பாலோர் சொல்வோம். அது பெரும்பாலும் கண்ணாடிப் பெட்டியின் வெளி அளவை வைத்துச் சொல்லப்படும் கணக்கு. மீன் நீந்தும் நீர் அதைவிடக் குறைவாகவே இருக்கும். நோய் கண்ட மீனுக்கு மருந்து ஊற்றும் நாளில் இந்த வித்தியாசம் பெரிதாகிவிடுகிறது.

கோலாலம்பூர் அடுக்குமாடி வீடுகளின் வரவேற்பறையில் வைக்கத் தோதான இரண்டடித் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் 60, அகலம் 30, உயரம் 36 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கினால் 64,800 கன சென்டிமீட்டர். ஆயிரம் கன சென்டிமீட்டர் ஒரு லிட்டர் என்பதால், 64.8 லிட்டர். கடையில் இதை 65 லிட்டர் தொட்டி என்பார்கள்.

இனி அளவு நாடாவைத் தொட்டிக்குள் வைத்துப் பார்ப்போம். கண்ணாடியின் தடிமன் 5 மில்லிமீட்டர் என்றால், உள்நீளம் 59, உள்ளகலம் 29 சென்டிமீட்டர்தான். இவ்விரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 1.71 வரும், அதாவது, இத்தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயர நீர் ஏறத்தாழ 1.7 லிட்டர். மொத்தக் கொள்ளளவைவிட இந்த எண்ணையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒரு துண்டுத் தாளில் எழுதித் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டி வைத்தால் நாள்தோறும் உதவும்.

மீன் துள்ளி வெளியே விழாதிருக்க, விளிம்புக்குக் கீழே மூன்று நான்கு சென்டிமீட்டர் விட்டுத்தான் நீர் நிரப்புகிறோம். அடிக்கண்ணாடியையும் கழித்தால் நீரின் உயரம் 32 சென்டிமீட்டர், கொள்ளளவு 54.8 லிட்டராகக் குறைகிறது. அடுத்தது கூழாங்கல். ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குக் கல் பரப்பினால், அந்த இடம் முழுவதையும் கல் அடைத்துக்கொள்வதில்லை. இடைவெளிகளில் நீர் நிற்கும். எவ்வளவு நிற்கும் என்று அறிய, உலர்ந்த கல்லை ஒரு வாளியில் கொட்டி, கல்லின் மேற்பரப்பை எட்டும்வரை அளந்து நீர் ஊற்றிப் பாருங்கள். பொதுவாகப் பத்தில் நான்கு பங்கு நீரும் ஆறு பங்கு கல்லுமாக இருக்கும். ஆக, நம் தொட்டியில் கல் மட்டும் ஐந்து லிட்டரை விழுங்கிவிடுகிறது. எஞ்சியது ஐம்பது லிட்டருக்குச் சற்றுக் குறைவு. மரக்கட்டையோ பெரிய பாறையோ இருந்தால் இன்னும் குறையும். மேலே தனிப் பெட்டியில் வடிகட்டி ஓடினால் அதில் நிற்கும் நீரைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

65 லிட்டருக்கென அளந்த மருந்தை 50 லிட்டரில் ஊற்றினால், முப்பது விழுக்காடு கூடுதலாகிறது. குழாய் நீரின் குளோரினை நீக்கும் திரவம் சற்றுக் கூடினால் பொதுவாகக் கேடில்லை. செம்பு கலந்த மருந்து அப்படியன்று. நோயைத் தீர்க்கும் அளவுக்கும் மீனைக் கொல்லும் அளவுக்கும் இடையே அதிக தூரமில்லை. இறாலும் நத்தையும் இன்னும் முன்பே மடிந்துவிடும்.

இன்னொரு சங்கடம் கேலன். நம் பெரியவர்கள் பழகிய ஆங்கிலேயக் கேலன் 4.55 லிட்டர், அமெரிக்காவிலிருந்து வரும் மருந்துப் போத்தலில் அச்சிட்டிருக்கும் கேலனோ 3.79 லிட்டர். போத்தலில் லிட்டர் அளவும் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

முன்பக்கம் வளைந்த தொட்டிக்கும் உருண்டைத் தொட்டிக்கும் சூத்திரம் தேடி அலைய வேண்டாம். 1.5 லிட்டர் குடிநீர்ப் போத்தல் ஒன்றை நிரப்பி நிரப்பி ஊற்றி, எண்ணிக்கொண்டே வாருங்கள். கல்லும் கட்டையும் உள்ளே இருக்கும்போதே ஊற்றினால் கழித்தல் வேலையும் மிச்சம். ஏற்கனவே மீன் வாழும் தொட்டியென்றால், நீர் மாற்றும் நாளில் பத்து லிட்டர் வாளியில் வெளியேற்றி, மட்டம் எவ்வளவு இறங்கியது என்று குறித்துக்கொள்ளலாம். நம் இரண்டடித் தொட்டியில் அது ஆறு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இறங்கும்.

உப்பு இடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் மூடியில்லாத தொட்டியின் மட்டம் தானாகவே இறங்கும். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால், குளோரின் நீக்கிய வெறும் நீர் 3.4 லிட்டர் ஊற்றினால் போதும். நீரை நீங்களே வெளியேற்றி மாற்றும்போது மட்டும், புதிதாக ஊற்றும் லிட்டருக்கு உரிய உப்பைச் சேருங்கள்.