என்னைக் குளிரில் நிறுத்தியது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சனிக்கிழமை கடை வேலையை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் சொந்தங்களே, வணக்கம்.

"ஜெர்மனி வாழ்க்கையில் நம்மை அதிகம் வாட்டுவது குளிரா, கடையா?" கடைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். கடை என்றால் நாலு சுவரும் கல்லாவும் மட்டுமில்லை. காசு வாங்கிக்கொண்டு சேவை செய்கிறேன் என்கிற அத்தனை பேரும் இதில் சேர்த்தி.

எதிரணியில் முதலில் பேசிய அண்ணன் ஒன்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். "பில் போடுகிறவர் சிரிக்கவில்லை என்று புலம்புகிறீர்களே, நீங்கள் கடைக்குப் போனது பால் வாங்கவா, பல் பார்க்கவா?" நன்றாக இருந்தது அண்ணே, நானும் கைதட்டினேன். பதில் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் என் வீட்டு வாசல் மணிக் கதையைக் கேளுங்கள்.

இங்கே அடுக்குமாடி வீட்டுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. கீழ்வாசலில் ஒரு மணிப் பலகை, அதில் குடும்பப் பெயர். பலகையில் பெயர் இருந்தால் நீங்கள் இருக்கிறீர்கள். இல்லையென்றால் நீங்கள் பிறக்கவே இல்லை.

நாங்கள் குடிவந்த முதல் ஜனவரி. இன்டர்நெட் இணைப்புக்கு ஆள் வருவார், காலை 8 முதல் 12 வரை வீட்டிலேயே இருங்கள் என்று கடிதம் வந்தது. லீவு போட்டேன். மணிச் சத்தம் கேட்காமல் போய்விடுமே என்று குளிக்கக்கூடப் போகவில்லை. மணி 12 ஆனது. 12.05க்குப் போனில் செய்தி: "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை." நான் ஜன்னலில் நிற்கிறேனய்யா!

போன் செய்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, அப்புறம் பாட்டு. நாற்பது நிமிடம் அதே பாட்டு. என் மகள் அதை இன்றைக்கும் முணுமுணுக்கிறாள். கடைசியில் ஒருவர் வந்தார். "உங்கள் பெயர் மணிப் பலகையில் இல்லை."

எப்படி இருக்கும்? நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் எனக்கு என் அப்பா பெயர், என் கணவருக்கு அவர் அப்பா பெயர். பலகையில் இருந்தது என் மாமனார் பெயர். ஒப்பந்தத்தில் இருந்தது என் அப்பா பெயர். இரண்டு பெரியவர்களும் இந்த ஊர்ப் பக்கமே வந்ததில்லை!

அடுத்த தேதி மூன்று வாரம் கழித்துத்தான். பலகையில் பெயர் சேர்க்க வீட்டு நிர்வாகத்துக்கு எழுதினேன், பதிலே இல்லை. நானே சீட்டு எழுதி ஒட்டினேன், பனி ஈரத்தில் ராத்திரியே உதிர்ந்துவிட்டது. சரி, வேறு வழியில்லை என்று அந்த நாள் காலை 8 மணிக்கே கீழ்வாசலில் போய் நின்றேன். மைனஸ் 7 டிகிரி. ஒன்பது மணிக்குக் காது மரத்தது. பத்து மணிக்கு மூக்கு. பதினொன்றுக்கு என் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். 11.50க்கு வண்டி வந்தது. அவர் இறங்கினார். நான் எதிரிலேயே நிற்கிறேன். என்னைப் பார்த்தாரா? பலகையைப் பார்த்தார்! விரலை வைத்து மேலிருந்து கீழ்வரைக்கும் தேடினார். "நான்தான் அது" என்று பாஸ்போர்ட்டை நீட்டிய பிறகுதான் படியேறினார்.

நடுவர் அவர்களே, அன்றைக்குக் குளிர் அடித்தது உண்மை. ஆனால் மைனஸ் 7இல் என்னை நாலு மணி நேரம் நிறுத்தியது யார்? குளிரா?

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. 2021 டிசம்பர் முதல், சொன்ன நாளில் ஆள் வராவிட்டால் 10 யூரோ அல்லது மாதக் கட்டணத்தில் 20 சதவீதம், எது அதிகமோ அதை இழப்பீடாகக் கேட்கலாம். கேட்டேன். "நாங்கள் வந்தோம், நீங்கள்தான் இல்லை" என்று எழுதினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ஞாயிறு ஓய்வு இந்த நாட்டு அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. கடையில் வேலை பார்ப்பவருக்கும் வீடு வாசல் உண்டு, அது அவர்களுக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

அண்ணே, இப்போது பல்லுக்கு வருகிறேன்.

என் அம்மா மூன்று மாத விசாவில் வந்திருந்தார். பக்கத்துக் கடையில் பால் வாங்கித் தனியாகவே வருகிறேன் என்று கிளம்பினார். நான் நாலடி தள்ளிப் பின்னாலேயே போனேன். பில் போடும் பெண் மின்னல் வேகத்தில் பாலைத் தள்ளிவிட்டுத் தொகையைச் சொன்னார். அம்மாவுக்கு அந்த எண் புரியவில்லை. சுருக்குப்பையிலிருந்த சில்லறையை உள்ளங்கையில் கொட்டி, வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும் என்று நீட்டினார். அந்தப் பெண் எடுக்கவில்லை. மேடையில் காசு வைக்கும் சின்னத் தட்டை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். அம்மாவுக்கு அதுவும் புரியவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே நிற்கிறது. பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில். நான் ஓடிப்போய்க் காசை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

தட்டில் காசு வைப்பது இங்கே வழக்கம். அவமதிப்பு இல்லை, எனக்குத் தெரியும். அந்தப் பெண்மீதும் எனக்குக் கோபமில்லை. ஆனால் வீடு வரைக்கும் பேசாமல் வந்த அம்மா, படியேறும்போது கேட்டார்: "ஏம்மா, என் கை அழுக்கா இருந்துச்சா?"

அண்ணே, அந்தத் தட்டைக் காட்டும்போது அந்த முகத்தில் ஒரு சிரிப்பு இருந்திருந்தால் என் அம்மா இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். அந்தப் பல்லைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

குளிருக்கு அம்மாவுக்கு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்திருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு தினமும் பூங்கா வரைக்கும் நடந்தார். கடைக்கு மட்டும் அதற்குப் பிறகு போகவில்லை. ஊருக்குத் திரும்பும் நாள், விமான நிலையத்தில் சுருக்குப்பையைத் திறந்து மிச்சச் சில்லறையை என் உள்ளங்கையில் கொட்டினார். "நீயே அந்தத் தட்டுல வச்சிரும்மா" என்று சொல்லி என் விரல்களை மூடினார். மூடிய கையை வரிசை நகரும்வரை விடவே இல்லை.

வணக்கம்.