ஆணியும் ஏணியும்

(மும்பை தாராவியில், பிள்ளைகள் எடுக்கும் புகைப்படங்களையும் அவற்றின் கண்காட்சியையும் பற்றிப் பேசத் தன்னார்வலர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், பின்வரிசையில் இப்போதே போனைத் தூக்கிப் பிடித்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

1973-ல் பெரு நாட்டில் ஓர் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. அதில் வேலை செய்த பிரேசில் நாடகக் கலைஞர் அகஸ்டோ போவால் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். மக்கள் கையில் கேமராவைக் கொடுத்து, ‘சுரண்டல் என்றால் என்ன? படத்தால் பதில் சொல்லுங்கள்’ என்று கேட்டார்கள். ஒருவர் மளிகைக் கடைக்காரரை எடுத்து வந்தார். இன்னொருவர் வீட்டு வாடகை வாங்க வருகிறவரை எடுத்தார். ஒரு சிறுவன் மட்டும் சுவரில் அடித்த ஓர் ஆணியை எடுத்து வந்தான்.

பெரியவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மற்ற பையன்களுக்கு உடனே விளங்கிவிட்டது. அவர்கள் ஷூ பாலிஷ் போடுகிறவர்கள். குடியிருப்பு ஓரிடம், பிழைப்பு வெகுதூரத்தில். பாலிஷ் பெட்டியைத் தினம் தூக்கிப் போய்வரும் வயதில்லை. ராத்திரி அதை மாட்டிவைக்க ஏதாவது கடைச் சுவரில் ஓர் ஆணி வேண்டும். அந்த ஆணிக்கு ராத்திரிக்கு இவ்வளவு என்று வாடகை!

அந்தப் படம், கண்காட்சிக்குப் படம் பொறுக்கும் நம் தேர்வுக்குழுவிடம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘ஆளே இல்லையே, வெளிச்சமும் போதவில்லை’ என்று ஓரம் கட்டியிருப்போம். நமக்குச் சிரிக்கிற முகம் வேண்டும், பின்னால் கலர் கலராகத் துணி காய வேண்டும். அதைத்தான் வெளியூர் ஆட்கள் வந்து எடுத்துப் போகிறார்களே, நம் பிள்ளைகள் எதற்கு?

கேமராவைக் கொடுப்பது சுலபம். இப்போது வீட்டுக்கொரு போன் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து ‘இதை ஏன் எடுத்தே?’ என்று கேட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் வேலை.

தொண்ணூறடி ரோட்டுப் பக்கத்துச் சந்தில் ஒரு பையன் வெறும் இரும்பு ஏணியை எடுத்திருந்தான். மாடி அறைக்குச் செங்குத்தாக ஏறுமே, அந்த ஏணி. கேட்டபோது சொன்னான்: “கீழ் வீட்டு அண்ணனுக்கு இங்கேயே வீடு கிடைக்குமாம். நாங்க ஏணிக்கு மேல இருக்கோம்.”

அவ்வளவுதான் சொன்னான். தாராவிக் குடிசைகளை இடித்துப் புது வீடு கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்தின் விதி உங்களுக்குத் தெரியும். 1.1.2000-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசம். மாடியில் குடியிருப்பவருக்குத் தாராவிக்கு வெளியே, வாடகை முறையில். பள்ளிக்கூடம், சிநேகிதன், அம்மா வேலைக்குப் போகும் வீடு எல்லாம் அந்த ஏணிப்படிகளைப் பொறுத்துத் தீர்மானமாகிறது. எத்தனையோ கூட்டங்களில் பேசியும் என் மண்டையில் ஏறாத கணக்கு அது.

சீனாவின் யுன்னான் மாநிலத்தில் 1990-களில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் கிராமத்துப் பெண்களிடம் கேமரா கொடுத்து இந்த முறைக்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்தார்கள். ‘போட்டோவாய்ஸ்’ என்று பேர். படம் எடுப்பது, கூடி உட்கார்ந்து அதைப் பேசுவது, முடிவெடுக்கிறவர் கண்முன் கொண்டுபோய் வைப்பது, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அது. நாம் முதலாவதோடு சர்டிபிகேட்டும் வடாபாவும் கொடுத்துக் கலைந்துவிடுகிறோம்.

சட்டமும் கொஞ்சம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர், அவர் வயது பத்தானாலும். ஆகவே பிள்ளை எடுத்த படத்தைக் காலண்டரில் போட விரும்பும் சங்கம் பிள்ளையையும் பெற்றோரையும் கேட்க வேண்டும், காசு வந்தால் அதில் பங்கு தருவதும் நியாயம். காப்பகத்தில் வளரும் பிள்ளைகள், வழக்கில் சம்பந்தப்பட்ட பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம். அவர்களை அடையாளம் காட்டும் படத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. எடுக்கப்படுகிறவரிடமும் பிள்ளைகள் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். குழாயடி அக்காவானாலும் சரி.

கண்காட்சியைத் தென்மும்பையில் ஓவியக் கூடங்கள் இருக்கும் காலா கோடா பக்கம் வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வேண்டாம் என்பேன். படத்தில் இருக்கும் சந்திலேயே, கயிறு கட்டிக் கிளிப் போட்டு மாட்டுவோம். கீழே பிள்ளைகள் சொன்னதைச் சொன்னபடியே தமிழில் எழுதுவோம். திருத்த வேண்டாம், ‘அழகாக்க’ வேண்டாம். அதற்குக் கீழே மராத்தியில் ஒரு வரி. பள்ளியில் மராத்தி படிக்கிற பிள்ளைகளே அதை எழுதட்டும். வரவேண்டிய அதிகாரிகள் படிக்கும் மொழி அது. அழைப்பிதழைத் தபாலில் போடாமல் மாநகராட்சியின் ஜி நார்த் வார்டு அலுவலகத்துக்கும் மறுசீரமைப்பு அலுவலகத்துக்கும் நேரில் கொண்டுபோவோம். கூட வர முடிகிற அப்பா அம்மாக்கள் போவதற்கு முன் இந்த மேஜையில் பேர் கொடுத்துவிட்டுப் போங்கள்.