ஒரே அடுப்படியில் இரண்டு உயரத்தில் மேடை: எங்கள் புதுச் சமையலறையைச் சுற்றிப் பார்க்கலாம் வாங்க

வணக்கம் வணக்கம். நடுவில் குக்கர் விசில் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்னும் இரண்டு வர வேண்டியிருக்கிறது. இத்தனை மாதமாகச் செங்கலையும் சிமெண்ட்டையும் மட்டுமே காட்டிக்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் அடுப்பு எரிகிற அடுப்படியைக் காட்டப் போகிறேன்.

இதோ, கதவில்லாத இந்த வாசலுக்கு அந்தப் பக்கம் இருப்பது 1994இல் என் மாமனார் கட்டின வீடு. அதில் அடுப்படி 8க்கு 7 அடி. ஒருவர் குனிந்து சிலிண்டரைத் திருகினால் இன்னொருவர் வெளியே போய் நிற்க வேண்டும். கொல்லையில் துவைக்கிற கல் கிடந்த இடத்தில்தான் இப்போது 12க்கு 10 அடியில் இந்த அறை நிற்கிறது. கல் போயிற்று, முருங்கை மரம் பிழைத்துக்கொண்டது. ஜன்னலில் தெரிகிறது பாருங்கள், அதுதான். அடுப்படி தென்கிழக்கு மூலையில் வந்ததும் கிழக்கே பார்த்துச் சமைக்க முடிவதும் தானாக அமைந்தவை. ஆனால் அத்தை தெருவெல்லாம் வாஸ்து பார்த்துக் கட்டினோம் என்று சொல்லிவிட்டார், நானும் மறுக்கவில்லை.

சரி, இந்த மூலைக்கு வாருங்கள். மேடையில் ஒரு படி இறங்குகிறது, தெரிகிறதா? பாத்திரம் கழுவுகிற பக்கம் உயரம், அடுப்பு இருக்கிற பக்கம் தாழ்வு. வீட்டுக்கு வருகிற எல்லாரும், "என்னங்க, கொத்தனார் மட்டம் தப்பிவிட்டாரா?" என்றுதான் கேட்கிறார்கள். தப்பவில்லை. நான் சண்டை போட்டு வாங்கின படி இது.

அத்தை 4 அடி 10 அங்குலம். என் கணவர் 5 அடி 9. சமையல் அத்தை, பாத்திரம் தேய்ப்பது அவர். நான் நடுவில் காய் நறுக்குகிறவள். பழைய அடுப்படியில் மேடை 34 அங்குலம், அதன் மேல் அடுப்பு ஒரு 5 அங்குலம், அதற்கும் மேல் குழம்புச் சட்டி. அத்தை 25 வருடமாக ஒரு மணையைத் தரையில் போட்டு, அதில் ஏறி நின்றுதான் கிண்டிக்கொண்டிருந்தார். சாப்பிட உட்காருகிற மணைதான். நடுவில் தேய்ந்து இரண்டு பாதம் பதிந்த மாதிரியே இருக்கும். இந்தப் பக்கம் என் கணவர் கழுவுகிற தொட்டியில் முதுகை வளைத்துக்கொண்டு, அரை மணி நேரம் கழித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார். ஒரே மேடை ஒருவருக்கு எட்டவில்லை, இன்னொருவரைக் குனிய வைத்தது.

உயரத்தை எப்படி முடிவு செய்தோம் என்றால், நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 4 முதல் 6 அங்குலம் குறைத்தால் நறுக்கவும் பிசையவும் தோதான உயரம் வரும். அடுப்பு அதைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்கலாம், ஏனென்றால் கை வேலை செய்வது பாத்திரத்தின் விளிம்புக்கு மேலே. கழுவுகிற பக்கம் நேர்மாறு. கை தொட்டிக்குள்ளே இறங்குகிறது. எங்கள் சிங்க் 9 அங்குல ஆழம். மேடை 30 என்றால் அடித்தட்டு 21இல் போய் நிற்கும், உயரமான ஆள் மடிந்தே ஆக வேண்டும். அதனால் அடுப்புப் பக்கம் 30, சிங்க் பக்கம் 35 என்று வைத்தோம். அதற்கு முன்னால் ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி, மேலே ஒரு பலகை போட்டு, அத்தையை ஒரு நாள் முழுக்க அதில் காய் நறுக்கச் சொன்னேன். "இப்பத்தான் தோள் இறங்கியிருக்கு" என்றார். அதற்குமேல் எனக்கு அளவு நாடா தேவைப்படவில்லை.

கொத்தனாருக்கு மனசே இல்லை. ஒரே மட்டமாக இருந்தால்தான் அழகு, கிரானைட் ஒரே பலகையாக ஓடும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. படி வைத்ததால் இந்த ஓரத்தைத் தனியாக உருட்டி பாலிஷ் போட வேண்டியதாயிற்று, கூலி கூடிவிட்டது. ஆனால் அழகை நாங்கள் தினம் மூன்று வேளை முதுகில் சுமக்க வேண்டுமே.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். 30 என்று சொன்னால் எங்கிருந்து 30? கொத்தனார் மேடை போடும்போது தரையில் டைல்ஸ் இருக்காது, வெறும் கான்கிரீட். பிறகு கலவையும் டைல்ஸுமாகத் தரை 2 அங்குலம் ஏறும். மேடையில் கடப்பாக்கல்லுக்கு மேல் கலவையும் கிரானைட்டுமாக ஒன்றரை ஏறும். ஆக, கடப்பாக்கல்லின் மேல்முகம் கான்கிரீட்டிலிருந்து 30½ல் நிற்க வேண்டும். இதைச் சுவரிலேயே கரிக்கட்டியால் எழுதி வைத்தேன். வாயால் சொன்னது மறுநாள் வேறு ஆள் வேலைக்கு வந்தால் போச்சு.

கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. உள் அடுக்குக்குக் கடப்பா போதும். மேல்மேடைக்கு வேண்டாம். அது சுண்ணாம்பு வகைக் கல், புளித்தண்ணீரோ எலுமிச்சையோ சிந்தி ஊறினால் வெளுத்துத் திட்டு விழும். நாங்கள் மேலே போட்டிருப்பது கறுப்பு கிரானைட். ஓரத்துக்கு அடியில் ஒரு கோடு கீறச் சொல்லுங்கள். இதோ, விரலை வைத்துக் காட்டுகிறேன். மேடையில் வழிகிற தண்ணீர் கல்லின் அடிவழியே ஓடிக் கதவுப் பலகையை நனைக்காமல் இந்தக் கோட்டில் தடுக்கிக் கீழே சொட்டிவிடும். சிங்குக்கு அடியில் பிளைவுட் பெட்டியே வைக்கவில்லை. அங்கே கடப்பாவும் ஒரு பிவிசி கதவும் மட்டும்தான். மற்ற கதவுகளுக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள, ஈரம் தாங்குகிற மரைன் பிளைவுட். முத்திரையை நானே ஒவ்வொரு பலகையிலும் பார்த்த பிறகுதான் ஆசாரியை அறுக்க விட்டேன்.

விசில் வந்துவிட்டது. ஒரு நிமிஷம்... சரி, அணைத்துவிட்டேன்.

இப்போது நான் ஏமாந்த இடம். மேலே பாருங்கள். பழைய சுவரும் புதுச் சுவரும் சேருகிற இடத்தில் ஒரு அலுமினியப் பட்டை தெரிகிறதா? முதலில் அது இல்லை. இரண்டையும் சேர்த்து வழவழவென்று பூசிவிட்டார்கள், எனக்கும் சந்தோஷம். ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது, தலைமுடி மாதிரி ஒரு கோடு விழுந்து, அதன் வழியாகத் தண்ணீர் இறங்கி, பரணில் வைத்திருந்த அரிசி வடாம் டப்பா வரைக்கும் வந்துவிட்டது. பழைய அஸ்திவாரம் 30 வருடமாக உட்கார வேண்டிய அளவுக்கு உட்கார்ந்தாயிற்று. புதியது இப்போதுதான் உட்கார ஆரம்பிக்கிறது. இரண்டையும் பூச்சால் ஒட்டினால் பூச்சுதான் கிழியும். பிறகு அந்த இடத்தை வெட்டி அரை அங்குல இடைவெளி விட்டு, உள்ளே ஃபோம் வைத்து, மேலே இழுபடுகிற சீலன்ட் அடைத்தோம். மாடியில் இரண்டு பக்கமும் சின்னத் திண்டு கட்டி, மேலே தகடு கவிழ்த்திருக்கிறோம். அதற்குப் பிறகு பெய்த மழையில் ஒரு சொட்டு இல்லை. முதலிலேயே செய்திருந்தால் வடாமும் மிஞ்சியிருக்கும், காசும் மிஞ்சியிருக்கும்.

கரண்ட் வேலை சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்ப் இழுக்கும். சாதாரண 6 ஆம்ப் பிளக்கில் செருகினால் கருகும். அதனால் மேடைக்கு மேலே நான்கு இடத்தில் 16 ஆம்ப் பாயின்ட். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், தண்ணீர் ஃபில்டர் எல்லாம் எங்கே நிற்கும் என்று சாக்பீஸால் சுவரில் வரைந்து பாருங்கள். நான் வரைந்தும் ஒன்றை மறந்துவிட்டேன், அது சிம்னி. ஒரு டைல்ஸை உடைத்துத்தான் அதற்கு ஒயர் இழுத்தோம்.

சிலிண்டர் வெளியே, வலைக்கதவு போட்ட கூண்டில் இருக்கிறது. செம்புக் குழாய் வழியாக கேஸ் உள்ளே வருகிறது. இந்த வேலையை ஏஜென்சி மெக்கானிக்கை வைத்தே செய்யுங்கள். தரையை ஒட்டி இந்த ஓட்டைக்கல் எதற்கு என்று ஆசாரியே கேட்டார். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். மேலே எத்தனை ஜன்னல் இருந்தாலும் அதற்கு உதவாது.

டிராயர்களில் எல்லாம் ஒழுங்காக அளந்து செய்தது இந்த ஒன்றுதான். இட்லிப் பானையை மூடியோடு கொண்டுபோய் ஆசாரி முன்னால் வைத்து, இது நிமிர்ந்து உட்கார வேண்டும் என்றேன். கடை கேட்டலாக்கில் இருக்கிற டிராயர்களில் தட்டும் கோப்பையும் வைக்கலாம், இட்லிப் பானை போகாது. கிரைண்டருக்கு மட்டும் 18 அங்குல உயரத்தில் தனித் திண்டு. மாவு வழிக்கும்போது யாரும் தூக்க வேண்டாம், சாய்த்தால் போதும்.

கடைசியாக, இங்கே கொஞ்சம் கீழே பாருங்கள். சிங்குக்கு முன்னால் தரையில் ஒரு மணை கிடக்கிறது. ஆமாம், அதே மணைதான். அடுப்புப் பக்கம் அத்தைக்கு இனி அது தேவையில்லை என்று எடுத்துப் பரணில் போட்டேன். மூன்றாம் நாள் காலையில் பார்க்கிறேன், கீழே இறங்கி இங்கே வந்து கிடக்கிறது. "அவன் தேய்க்கிறது எனக்குச் சரிப்படலை" என்று சொல்லிவிட்டு, அத்தை அதில் ஏறி நின்று டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.