இறங்கிப் பார்த்த மலை

நேயர்களுக்கு வணக்கம்.

மலையூர் ஒன்றைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டதும் எனக்கு ஷாமொனிதான் நினைவுக்கு வந்தது. பிரான்சின் கிழக்கு ஓரத்தில், ஆல்ப்ஸ் மலையின் மடியில் கிடக்கிற சின்ன ஊர். இத்தாலியும் சுவிட்சர்லாந்தும் பக்கத்து வீடுகள் மாதிரி. ஊர்ப் பெயரின் கடைசியில் ஒரு எக்ஸ் எழுதுகிறார்கள், ஆனால் உச்சரிப்பதில்லை. நான் அதை அழுத்தந்திருத்தமாகச் சொல்லி பஸ் டிக்கெட் கேட்டேன். ஓட்டுநர் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் டிக்கெட்டை நீட்டினார். பின்னால் நின்ற சிறுமிதான் சிரித்துவிட்டாள்.

ஊருக்கு நடுவே ஆர்வ் என்ற ஆறு பாய்கிறது. மலையாறு ஆயிற்றே, பளிங்கு போல இருக்கும் என்று பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். அரிசி களைந்த தண்ணீர் போல ஓடுகிறது. மேலே பனியாறு, அதாவது மலைச்சரிவில் மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள், தன் அடியில் உள்ள பாறையை மாவாக அரைத்துவிடுகிறது. அந்தக் கல்மாவுதான் ஆற்றின் நிறம்.

விளையாட்டுக்குப் பேர்போன ஊர். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு, கோடையில் மலையேற்றம், வானம் தெளிந்தால் தலைக்கு மேல் பாராகிளைடர்கள். 1924-இல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்ததும் இங்கேதான். நடத்தும்போது அதற்கு அந்தப் பெயர் இல்லை. குளிர்கால விளையாட்டு வாரம் என்றுதான் நடத்தினார்கள், ஒலிம்பிக் பட்டம் பின்னால் சூட்டியது. ஆகஸ்ட் கடைசியில், மூன்று நாடுகளைத் தொட்டு மலையைச் சுற்றி ஏறக்குறைய 170 கிலோமீட்டர் ஓடுகிற பந்தயமும் உண்டு. அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. தங்கிய விடுதியின் மூன்றாம் மாடிக்கு ஏறுவதற்குள் இரண்டு முறை நின்றவன் நான்.

ஷாமொனிக்கு வருகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்தே நடக்கிறார்கள். பார்க்கவேண்டியதில் பாதி கீழே இருக்கிறது என்பது என் கட்சி.

அண்ணாந்து பார்க்கச் சொல்லிச் சதுக்கத்தில் ஒரு வெண்கலச் சிலையே நிற்கிறது. இருவர். ஒருவர் கையை நீட்டி, ஆல்ப்ஸின் மிக உயரமான மோன் பிளான் சிகரத்தைக் காட்டுகிறார். அவர் ஜாக் பால்மா, மலையில் படிகக் கற்களைத் தேடி எடுத்துப் பிழைத்தவர். மற்றவர் தெ சோசூர், ஜெனீவாவைச் சேர்ந்த அறிஞர். அந்த உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக 1760-இல் அறிவித்தவர் இவர். பரிசை வாங்க ஆள் வர 26 வருடம் ஆயிற்று. 1786 ஆகஸ்ட் 8-ஆம் தேதி மாலை உச்சியில் இரண்டு பேர் போய் நின்றார்கள். ஒருவர் பால்மா. இன்னொருவர் ஊர் மருத்துவர் மிஷேல் பக்கார்.

அப்படியானால் சிலையில் மருத்துவர் எங்கே? பரிசு பால்மாவுக்குப் போயிற்று. மருத்துவர் துவண்டுபோனதாகவும் தான்தான் அவரை மேலே கொண்டுசேர்த்ததாகவும் பால்மா சொன்ன கதையை ஊர் உலகம் நம்பிவிட்டது. 1887-இல் சிலை வைத்தபோது பக்காரை யாரும் நினைக்கவில்லை. அன்று கீழேயிருந்து தொலைநோக்கியில் பார்த்த ஒரு ஜெர்மானியப் பயணி எழுதிவைத்த குறிப்புகள் பிற்காலத்தில் ஆராயப்பட்ட பிறகுதான் மருத்துவரும் சரிசமமாக ஏறியது தெரிந்தது. ஆனால் இறங்கும் வழியில், பனியின் ஒளி தாக்கி மருத்துவருக்குக் கண் தெரியாமல் போயிற்று. பத்திரமாக அவரைக் கீழே கொண்டுவந்தவர் பால்மாதான். அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

நானும் மேலே போனேன். ஏகுய் து மிதி என்றொரு பாறைமுனை. நண்பகல் ஊசி என்று பொருள். ஊரிலிருந்து பார்த்தால் உச்சிப்பொழுதில் சூரியன் அதற்கு நேர்மேலே வரும். 1955 முதல் அங்கே ரோப் கார் ஓடுகிறது. ஊர் இருப்பது 1,035 மீட்டரில். சுமார் இருபது நிமிடத்தில் 3,777 மீட்டரில் இறக்கிவிடுகிறார்கள். காலால் ஏறினால் உடம்பு மெல்லப் பழகிக்கொள்ளும். பெட்டியில் ஏறுகிறவன் உடம்பைக் கேட்டுக்கொண்டா ஏறுகிறான்? ஷூ நாடா அவிழ்ந்திருந்தது. குனிந்து கட்டிவிட்டு நிமிர்ந்தேன். சுவர் என்னைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. கயிறும் பனிக்கோடரியுமாகப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் தோளைப் பிடித்து என்னைப் படியில் உட்காரவைத்தார். அங்கே நான் கண்ட காட்சி பெரும்பாலும் எதிர்ச்சுவர்தான்.

மறுநாள் பல்சக்கர ரயிலில் மோன்தான்வேர் போனேன். 1909-இல் வந்த பாதை. பனிக்கடல் என்று பெயர் பெற்ற பனியாற்றைப் பார்க்கப் போட்டது. ரயிலிலிருந்து இறங்கினால் கீழே பனி இல்லை. சாம்பல் நிறப் பள்ளம்தான். பனிக்குள் ஆண்டுதோறும் புதிதாக ஒரு குகை குடைகிறார்கள். பனி நகர்ந்துகொண்டே இருப்பதால் போன வருடத்துக் குகை உதவாது. 1988-இல் அந்தக் குகைக்குப் போக மூன்று படி இறங்கினால் போதுமாம். நான் போனபோது ஐந்நூற்றுக்கும் மேல். வழியில் பாறையில் சின்னப் பலகைகள் அறைந்திருக்கிறார்கள். ஒன்றில் 1990 என்று இருந்தது. பனியாற்றின் மேல்மட்டம் அந்த வருடம் அங்கே இருந்ததாம். அதைத் தொட்டுக்கொண்டு கீழே பார்த்தேன். பனி இன்னும் எங்கேயோ இருந்தது. மூச்சுவாங்க மேலேறி வந்த ஒரு தாத்தா அதே பலகையின் அருகில் நின்று, பேரனிடம் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். அந்த வயதில் இங்கே வந்திருப்பார் போலும். குகைக்குப் போக 2024-இல் புதிய ரோப் காரையே இன்னும் மேல்பக்கமாக அமைக்க வேண்டியதாயிற்று.

கடைசி நாள் பொசோன் பனியாற்றின் அடிவாரம். 1820-இல் மோன் பிளான் ஏறப்போன குழுவைப் பனிச்சரிவு அடித்து மூன்று வழிகாட்டிகளைப் பிளவுக்குள் தள்ளியது. அடுத்த வருடமே ஊர் வழிகாட்டிகள் சேர்ந்து சங்கம் அமைத்தார்கள்; இன்றும் இருக்கிறது. பனியாறு ஆற்றைப் போலவே நகர்கிறது, ஏறக்குறைய நாற்பது வருடத்தில் அந்த உடல்கள் கீழே வந்துசேரும் என்று ஃபோர்ப்ஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் கணித்தார். 1861-இல் பனியாற்றின் நுனியில் வந்துசேர்ந்தன.

நம்மவர்களும் அந்தப் பனிக்குள் இருக்கிறார்கள். 1950-இல் ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' விமானம் மோன் பிளானில் மோதி 48 பேர் இறந்தார்கள். 1966 ஜனவரி 24 அன்று அதே நிறுவனத்தின் 'கஞ்சன்ஜங்கா' விமானம் மோதியது. 117 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. அணு விஞ்ஞானி ஹோமி பாபா அதில்தான் போனார். அந்த விமானங்களின் துண்டுகளைப் பனியாறு இன்னும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளுகிறது. 2013-இல் மலையேறிய ஓர் இளைஞருக்கு மரகதமும் நீலமும் நிறைந்த பெட்டி கிடைத்தது. நேரே போலீசிடம் கொடுத்துவிட்டார். உரியவர் யாரும் கிடைக்காததால் 2021-இல் பாதி அவருக்கு, பாதி ஊருக்கு என்று பிரித்தார்கள். அதற்கு முந்தைய வருடம் ஒரு கட்டு இந்தியச் செய்தித்தாள்கள் வெளியே வந்தன. ஈரத்தை உலர்த்திப் பார்த்தால் அச்சு அழியவில்லை: இந்திரா காந்தி பிரதமர் ஆகிறார் என்பது தலைப்புச் செய்தி.

அன்று மாலை ஊருக்குள் திரும்பிவந்தபோது, சதுக்கத்திலிருந்து கொஞ்சம் தள்ளி இன்னொரு சிலை கண்ணில் பட்டது. நான்கு நாளாக அந்தப் பக்கம்தான் போய்வந்திருக்கிறேன். பக்கார். 1986-இல், ஏறிய 200-ஆவது ஆண்டில் வைத்தது. கை எதையும் காட்டவில்லை. பாறைமேல் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.