கொம்பனைக் கொன்றால் எத்தனை புள்ளி?

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனாக, மந்திரவாதியாக வேடமேற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் ஒன்று உண்டு. ரோல்பிளேயிங் கேம் என்பார்கள். கேம் மாஸ்டர் ஒருவர் சூழலைச் சொல்ல, ‘நான் கதவைத் திறக்கிறேன்’, ‘நான் ஓடிவிடுகிறேன்’ என்று மற்றவர்கள் சொல்வார்கள். ஆட்டத்தின் போக்கு முழுக்க கேம் மாஸ்டரின் கற்பனையில் இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான். விதி எதற்குக் கூலி கொடுக்கிறதோ, அதைத்தான் ஆடுகிறவர்கள் செய்வார்கள். ஆடுபுலியில் ஆட்டுக்கு வெட்டும் உரிமை இல்லை. அதனால் ஆடுகள் சேர்ந்து நிற்கின்றன. ஒற்றுமையைப் பற்றி அவற்றுக்கு யாரும் பாடம் எடுப்பதில்லை.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் அமெரிக்காவில் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டத்தைப் பாருங்கள். புள்ளி சேரச் சேர வீரனின் பலம் கூடும் ஆட்டம் அது. அதன் 1981 பதிப்பில் காப்ளின் என்ற குட்டிப் பூதத்தைக் கொன்றால் 5 புள்ளி. அதன் பெட்டியிலிருந்து 200 பொற்காசைத் தூக்கிக்கொண்டு தப்பினால் 200 புள்ளி. அப்புறம் யார் சண்டை போடுவார்கள்? பதுங்கினார்கள், லஞ்சம் கொடுத்தார்கள், பொறி இருக்கிறதா என்று கழியால் தரையைத் தட்டித் தட்டி நடந்தார்கள். நின்று யோசிக்கவும் முடியாது. கதைக்குள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, ஏதாவது மிருகம் வருகிறதா என்று பகடை உருளும்.

2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் புள்ளி பெரும்பாலும் எதிரியை வென்றால்தான். வாள்கள் உறையில் தங்கவில்லை. 2014-ன் ஐந்தாம் பதிப்பில் எட்டு மணி நேரம் ஓய்வெடுத்தால் இழந்த உயிர்ப்புள்ளி மொத்தமும் திரும்பிவிடும். ஒரு சண்டை முடிந்ததும் குகை வாசலிலேயே பாய் விரிக்கிற வீரர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய?

நம் அண்ணன்மார் கதையையே ஆடுவதாக வைத்துக்கொள்வோம். வயலை அழிக்கும் காட்டுப்பன்றி கொம்பன் எதிரே நிற்கிறது. 1981 விதியில் பன்றியிடம் காசு ஏது? கதை நாயகன் சங்கர் சுற்றுவழியில் போய்விடுவான். மூன்றாம் பதிப்பில் கொம்பனோடு அதன் குட்டிகளும் தப்பாது. கால் ஆஃப் துலு என்ற திகில் ஆட்டத்தில் கோரத்தைக் கண்ணால் பார்த்தாலே மனநிலைப் புள்ளி குறையும். அங்கே எல்லோரும் ஓலைச்சுவடியைப் புரட்டிக்கொண்டு, பன்றியைப் பார்க்காமலிருக்க வழி தேடுவார்கள்.

எனக்குப் பிடித்தது 2010-ல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற ஆட்டத்தின் வழி. இரண்டு பகடை உருட்டி, கூட்டல் கழித்தல் போக, பத்தோ அதற்கு மேலோ வந்தால் நினைத்தது நடக்கும். ஏழிலிருந்து ஒன்பது என்றால் நடக்கும், ஆனால் ஒரு விலை உண்டு. ஈட்டி பாயும், கூட வந்த நாய் போய்விடும். ‘தவறிவிட்டது, அடுத்த ஆள்’ என்ற சலிப்பு அங்கே இல்லை.

விதி இல்லாத இடமும் ஆட்டத்தை மாற்றும். பேச்சுத்திறமைக்குத் தனி எண் இல்லாத டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பழைய பதிப்புகளில் வாயால்தான் பேச வேண்டும். ‘ஏனுங்க மாமா, ஒரு வாய் தண்ணி கெடைக்குங்களா?’ என்று ஆரம்பித்துக் காவல்காரனின் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுகிற ஈரோட்டுக்காரருக்கு அது சொந்த வீடு. மூன்றாம் பதிப்பு அந்தத் திறமைக்குத் தனி எண் கொடுத்தது. கூச்சக்காரர்களுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ‘பேசிப் பார்க்கிறேன்’ என்று பகடையை உருட்டிவிட்டு எல்லோரும் எண்ணைப் பார்க்கிறார்கள். பேச்சு காணாமல் போகிறது.

பொள்ளாச்சியிலோ கோபியிலோ புதிதாக ஆட்டம் தொடங்குகிறவர்கள், கதை எழுதும் முன் புள்ளி எதற்கு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பன்றியைக் கொன்றால் ஒன்றுமில்லை, காப்பாற்றிய ஒவ்வொரு வயலுக்கும் பத்துப் புள்ளி என்று அறிவித்துப் பாருங்களேன். ஈட்டி எடுத்தவர்கள் மண்வெட்டி தேடுவார்கள். வணக்கம்.